மண்ணுளிக்கு மண் வேண்டும்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொடாமல் திரும்ப மாட்டார்கள். வரிசையில் நின்று, படியேறி, மேற்கூரையில் பதித்திருக்கும் அந்த இரண்டு உருவங்களையும் கை உயர்த்தித் தடவிவிட்டால் பல்லி விழுந்த தோஷம் போய்விடும் என்பார்கள். என் பாட்டி என்னை இடுப்பில் தூக்கிப் பிடித்துத் தொடவைத்தது நினைவிருக்கிறது. அரசமரத்தடி நாகக் கற்களுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசுகிற தெருக்களில்தான் நான் வளர்ந்தேன். அதனாலேயே ஒரு நாள் மாலை கண்ட காட்சி இன்னும் மனதை அறுக்கிறது.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுத் திண்ணையைச் சுற்றி நாலைந்து பேர் குனிந்து நின்றிருந்தார்கள். நடுவில் ஒரு பெயின்ட் வாளி. அதில் பாதிக்கு மணல். மணலின் மேல் செம்பழுப்பு நிறத்தில் தடித்த மண்ணுளிப் பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. தலையை உடம்புக்கடியில் செருகிக்கொண்டு மழுங்கிய வாலை மட்டும் வெளியே நீட்டியிருந்தது. "ரெண்டு கிலோவத் தாண்டிச்சின்னா லட்சக்கணக்குல போகும்ணா" என்றான் ஒருவன். வாங்குவதாகச் சொன்ன ஆள் வரவேயில்லை. எலி பிடித்துப் போட்டார்கள், அது தொடவில்லை. சில நாளில் செத்துப்போய்விட்டது.

அந்தப் பாம்புக்கு இன்னொரு பெயர் இருதலை மணியன். இரண்டு தலை என்பது கண்ணை ஏமாற்றும் வேலை. உடம்பு எந்தப் பருமனோ வாலும் ஏறக்குறைய அதே பருமன். நுனி கூராக இல்லாமல் கட்டைவிரல் போல முடியும். ஆபத்து என்றால் தலையைச் சுருளுக்குள் ஒளித்துவிட்டு வாலைத் தூக்கி ஆட்டும். கீரியோ பருந்தோ அதைத் தலை என்று நினைத்துக் கொத்தும், கடிக்கும். வாலில் காயம் பட்டால் பிழைத்துக்கொள்ளலாம், தலையில் பட்டால் முடியாது. வயதான மண்ணுளிகள் பலவற்றின் வாலில் பழைய தழும்புகள் இருப்பது இதனால்தான். பாம்பாட்டிகள் சிலர் வால்நுனியில் கீறிக் கண்ணும் வாயும் 'வரைந்து' வேடிக்கை காட்டியதும் உண்டு. பாம்பு தன் உயிரைக் காத்துக்கொள்ளக் கண்ட தந்திரத்தை வைத்தே மனிதர் அதை வதைத்திருக்கிறார்கள்.

இதன் அறிவியல் பெயரான 'எரிக்ஸ் ஜானி' தமிழ்நாட்டில் பிறந்தது. தரங்கம்பாடியில் பணியாற்றிய ஜெர்மானிய மதபோதகர் கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் உயிரினங்களைச் சேகரித்து ஆராய்வதில் ஆர்வம் கொண்டவர். அவர் நினைவாக 1801-இல் பேட்ரிக் ரஸ்ஸல் இதற்குப் பெயர் சூட்டினார். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இருக்கும் ரஸ்ஸலும் இவரே. போவா எனப்படும் பாம்புக் கூட்டத்தில் மண்ணுளியும் சேரும். அமேசான் காட்டுப் பாம்பு என்று படங்களில் பார்க்கிற அந்தப் பெரிய போவாவின் தூரத்து உறவு நம் கம்பங்கொல்லையில் கிடக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. இதன் உடன்பிறப்பு போன்ற இன்னொரு மண்ணுளி உண்டு. சொரசொரத்த செதிலும் திட்டுத்திட்டான நிறமும் கொண்ட அதைக் கண்ணாடி விரியன் என்று எண்ணி அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். இலங்கையின் வறண்ட வடபகுதியிலும் அது வாழ்கிறது. அந்தத் தீவுக்கு இருக்கும் ஒரே போவா அதுதான்.

மண்ணுளியின் உடல் முழுக்க மண்ணுக்காகவே வார்த்தது. ஆப்பு போன்ற மூக்கு, சின்னக் கண்கள், வழுவழுப்பான செதில். பாவு விரிந்த இடைவெளியில் நாடா புகுவது போல இளகிய மணலில் புகுந்துவிடும். முட்டையிடாது, குட்டி போடும். நஞ்சு துளியும் கிடையாது. எலியை இறுக்கிக் கொன்று தின்னும். நெசவாளர் வீட்டில் பிறந்தவனுக்கு எலி என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. கஞ்சி போட்ட பாவு ஒன்றை ஒரே இரவில் கடித்துக் குதறிவிட்டால் ஒரு குடும்பத்தின் பல வாரக் கூலி போயிற்று. வயலில் நெல்லைத் தின்று, வீட்டில் பாவைக் கடிக்கும் அந்த எலியின் வளைக்குள்ளேயே நுழைந்து வேலையை முடிக்கும் பிராணி இது. அதற்கு நாம் சூட்டிய பழி, அது நக்கினால் குஷ்டம் வரும் என்பது. தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது. பாம்பின் நாக்குக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்தப் பழியால் எத்தனை மண்ணுளிகள் மண்வெட்டிக்கு இரையாகியிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பழியை விடக் கொடியது புகழ். இருதலை மணியன் வீட்டில் இருந்தால் செல்வம் சேரும், தீராத நோய் தீரும், அதன் உடம்பில் விலை மதிப்பற்ற ஏதோ இருக்கிறது என்றெல்லாம் கதை கட்டி விற்கிறார்கள். வட மாநிலங்களில் இதற்குச் சந்தைப் பெயர் 'டபுள் இன்ஜின்'. 2016 முதல் 2021 வரையிலான ஆறு ஆண்டுகளில் மட்டும், இந்தப் பாம்பு பிடிபட்ட 172 சம்பவங்களை 18 மாநிலங்களிலும் ஒரு யூனியன் பிரதேசத்திலும் டபிள்யூ.சி.எஸ்.-இந்தியா அமைப்பு தொகுத்திருக்கிறது. செய்தியில் வந்தவை மட்டும்தான் அந்தக் கணக்கில் இருக்கின்றன. திண்ணையில் செத்த பாம்பு எந்தக் கணக்கிலும் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். உலக அளவில் ஐ.யு.சி.என். அமைப்பு இதை அச்சுறுத்தலை நெருங்கிவிட்ட இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது.

பாம்பைப் பிடிக்காமல் இருந்தால் போதுமா? போதாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ஒரு சின்னப் பாறைத் தீவு.

மொரீஷியஸ் நமக்கு அந்நிய தேசமில்லை. அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில், 18-ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் அங்கே போனார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்காகக் கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டுபோனார்கள். தைப்பூசக் காவடிக்கு அங்கே அரசு விடுமுறை. அந்தத் தீவுக்கு வடக்கே சுமார் 22 கிலோமீட்டரில் கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கிறது ரவுண்ட் தீவு. பரப்பு சுமார் 219 ஹெக்டேர்; நம் கணக்கில் 540 ஏக்கர். வேறெங்கும் இல்லாத இரண்டு வகைப் பாம்புகள் அங்கே எஞ்சியிருந்தன. பெரிய தீவான மொரீஷியஸில் அவை எப்போதோ அழிந்துவிட்டன. கப்பலில் வந்திறங்கிய எலியும் பூனையும் அங்கே பாம்பையும் அது தின்னும் பல்லியையும் விட்டுவைக்கவில்லை. ரவுண்ட் தீவில் படகு அணைவதே கடினம். அதனால் எலி அங்கே கால் வைக்கவில்லை.

ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் யாரோ ஆட்டையும் முயலையும் கொண்டுபோய் விட்டார்கள். ஆடும் முயலும் பாம்பைத் தொடவில்லை. பாம்புக்கும் அவற்றோடு பகையில்லை. அவை தின்றது செடியைத்தான். முளைத்து வந்த பனங்கன்றுகளை ஒன்று விடாமல் மேய்ந்தன. கிழ மரங்கள் ஒவ்வொன்றாகப் புயலில் சாய, அவற்றின் இடத்தில் நிற்க இளமரம் இல்லை. வேர் பிடிக்காத மண்ணை மழை கழுவிக் கடலில் தள்ளியது. நூறாண்டுக்குள் சரிவுகளில் பாறை பல்லிளித்தது.

இரண்டு பாம்புகளில் ஒன்று மண்ணுக்குள் துளைத்து வாழும் பாம்பு. பொலியேரியா என்று பெயர். நம் மண்ணுளிக்கு வம்சத்தில் ஒட்டில்லை என்றாலும், பிழைப்பில் அதே சாதி. 1975-இல் கடைசியாக ஒருவர் கண்ணில் பட்டது. அதன் பிறகு எவரும் பார்க்கவில்லை. இன்று அது அற்றுப்போன இனம். யாரும் அதை வேட்டையாடவில்லை, தோலுக்காக உரிக்கவில்லை, வாளியில் போட்டு விலை பேசவில்லை. இளகிய மண் போயிற்று, மண்ணுக்குள் வாழ்ந்ததும் கூடவே போயிற்று. இந்த ஒரு விஷயத்தைப் படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மற்றது தப்பித்தது. அதைத்தான் ரவுண்ட் தீவு போவா என்கிறார்கள். பனை மரத்தின் காய்ந்து தொங்கும் ஓலைகளுக்கு நடுவிலும், பாறை இடுக்குகளிலும், கடற்பறவைகளின் வளைகளிலும் பகலைக் கழித்துவிட்டு இரவில் பல்லியும் அரணையும் தேடும் ஒல்லியான பாம்பு. குஞ்சுகள் பொரிக்கும்போது நல்ல ஆரஞ்சு நிறம். வளர வளரப் பழுப்பேறும். பெயரில் போவா இருந்தாலும் இது உண்மையான போவா இல்லை. குட்டி போடாமல் முட்டையிடுகிறது. மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது இதன் நெருங்கிய சொந்தம் எங்கோ மலேசியா, போர்னியோ காடுகளில் வாழும் ஒரு அபூர்வச் சின்னப் பாம்பு என்று தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு சமுத்திரம்!

இதன் வாய்க்குள் இருக்கும் விந்தையைச் சொல்லாமல் நகர முடியாது. முதுகெலும்புள்ள உயிர்களில் மேல்தாடை எலும்பு பக்கத்துக்கு ஒன்றாக முழுசாக இருக்கும். இதுவும் பொலியேரியாவும் சேர்ந்த குடும்பத்துப் பாம்புகளுக்கு மட்டும் அது முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகப் பிரிந்து, நடுவில் கீல் வைத்தது போல மடங்குகிறது. இன்று உயிரோடு இருக்கும் வேறெந்த முதுகெலும்பிக்கும் இப்படி இல்லை. காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்கிறவர்களுக்கு இது எளிதில் புரியும். உடலும் கரையும் வெவ்வேறு நாடாவில் ஓடினாலும் சேருமிடத்தில் ஒன்றையொன்று கவ்விப் பிடிப்பதால்தான் சேலை கிழிந்தாலும் அந்த இணைப்பு விடாது என்பார்கள். அரணையின் உடம்பு எண்ணெய் தடவிய உருளை போல வழுக்கும், செதில்களும் கெட்டி. கீல் வைத்த தாடை அந்த உருளையைச் சுற்றி வளைந்து பிடிக்கிறது. பல லட்சம் ஆண்டுகளாக இயற்கை செதுக்கிய அந்தக் கருவி, சில ஆடுகளின் பசியால் உலகத்திலிருந்தே துடைபட இருந்தது.

1976-இல் ஜெரால்ட் டரல் மொரீஷியஸ் போய் ரவுண்ட் தீவின் நிலையை நேரில் பார்த்தார். ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் ஜெர்சி தீவில், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களை வளர்ப்பதற்கென்றே விலங்குக் காட்சிசாலை நடத்தியவர் அவர். அடுத்தடுத்த ஆண்டுகளில் ரவுண்ட் தீவின் மற்ற ஊர்வனவற்றோடு போவாக்களும் ஜெர்சிக்குப் போயின. அவற்றைப் பேணுவது சுலபமாக இல்லை. பெரிய பாம்பு எலிக்குஞ்சை ஏற்றுக்கொள்ளும்; பிறந்த குஞ்சோ பல்லி இல்லாமல் வாய் திறக்காது. ஆகவே பாம்பை வளர்க்கிறவர் முதலில் பல்லி வளர்க்க வேண்டும், பல்லிக்காகப் பூச்சி வளர்க்க வேண்டும். ஒரு பாம்பைக் கூண்டில் வைப்பதென்றால் அதன் உலகத்தின் ஒரு சிறு துண்டையாவது கூடவே வைத்தாக வேண்டும் என்பது அங்கே தெளிவாயிற்று. பெயின்ட் வாளியில் இருந்த மண்ணுளி ஏன் எலியைத் தொடவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஜெர்சிக் கூண்டு ஒரு காப்பீடு மட்டுமே. முதன்மையான வேலை தீவில் நடந்தது. 1979-இல் கடைசி ஆட்டையும் அகற்றினார்கள். நம் ஊர் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளி மக்களுக்குக் காட்சி தந்த ஆண்டு அது. 1986-இல் நியூசிலாந்திலிருந்து வந்த குழு, டொன் மெர்ட்டன் தலைமையில், முயல்களை ஒன்று மிச்சமில்லாமல் ஒழித்தது. இரக்கமற்ற காரியம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஆடும் முயலும் உலகமெங்கும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அந்தப் பாம்புக்கு அந்தப் பாறையை விட்டால் போக்கிடம் இல்லை.

பிறகு நடந்ததைப் பார்க்கப் பொறுமை வேண்டியிருந்தது. பனங்கன்றுகள் மறுபடி முளைத்தன. அவற்றில் ஒன்றை நீங்கள் அடிக்கடி பார்த்திருப்பீர்கள்: கல்யாண மண்டப வாசலிலும் பூங்காவிலும் தொப்பை வைத்தது போல நிற்கும் பாட்டில் பனை. உலகம் முழுக்கத் தோட்டத்தில் நிற்கும் அந்த மரத்தின் சொந்த ஊர் ரவுண்ட் தீவுதான்; அங்கே அது விரல் விட்டு எண்ணும்படி ஆகிவிட்டிருந்தது. பனை வளர, காய்ந்த ஓலை சேர்ந்தது. ஓலைக்குள் பல்லி பெருகியது. பல்லியின் பின்னால் பாம்பு வந்தது. 2007-இல் இன்னொரு துணிச்சலான காரியம் செய்தார்கள். மொரீஷியஸின் பூர்வ ராட்சத ஆமைகள் அழிந்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டதால், அல்டாப்ரா தீவின் ராட்சத ஆமைகளை அவற்றின் வேலைக்கு அமர்த்தினார்கள். அவை களையை மேய்ந்து, விதையை விழுங்கி, வேறிடத்தில் சாணத்தோடு விதைக்கின்றன. அத்திவரதர் 2019-இல் மறுபடி எழுந்தருளினார். அந்த நாற்பது ஆண்டு இடைவெளியில் ஒரு மொட்டைப் பாறை மெல்லத் தோப்பாகத் தொடங்கியிருந்தது. கோயிலும் காடும் ஒரே பஞ்சாங்கத்தில் நடப்பதாக எனக்குப் படுகிறது.

ஒரே தீவில் மொத்த வம்சமும் இருந்தால் ஒரு புயல், ஒரு தீ, ஒரு படகிலிருந்து இறங்கும் ஒரு கர்ப்பிணி எலி போதும். ஆகவே 2012-இல் 60 போவாக்களைப் பிடித்து, எலி ஒழித்த பக்கத்துத் தீவான கன்னர்ஸ் குவாயினில் விட்டார்கள். அங்கே அந்தப் பாம்பு இல்லாமல்போய் சுமார் நூற்றைம்பது ஆண்டு ஆகியிருந்தது. சும்மா கொண்டுபோய்க் கொட்டவில்லை. முதலில் எலி போயிருக்கிறதா என்று பார்த்து, 2007-லேயே டெல்ஃபேர் அரணையைக் குடியேற்றிச் சாப்பாட்டை முன்கூட்டி அனுப்பி, அதன் பிறகே பாம்பை அனுப்பினார்கள். ரவுண்ட் தீவுக்குப் போகும் ஆய்வாளர் ஒவ்வொருவரின் மூட்டையையும் எலிக்காக, பூச்சிக்காக, செருப்பில் ஒட்டிய விதைக்காகப் பிரித்துச் சோதிக்கிறார்கள். எவ்வளவு கவனம் வேண்டியிருக்கிறது என்பதை 2020 ஆகஸ்டில் வகாஷியோ கப்பல் உடைந்து எண்ணெய் கொட்டியபோது மொரீஷியஸ் உணர்ந்தது. தென்கிழக்குக் குட்டித்தீவுகளின் பல்லிகளையும் அரணைகளையும் அவசரமாக ஜெர்சிக்கு அனுப்ப வேண்டிவந்தது.

பாம்பு வளர்ப்பு கைமீறினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்து ஆட்களே சாட்சி. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் செல்லமாக வளர்த்துக் கைவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் சதுப்புக் காட்டில் பெருகி முயலையும் மானையும் தீர்த்துக் கட்டுகின்றன. அவற்றைப் பிடிக்க 2017-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் வரவழைத்தது வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற, பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினர் இருவரை. அவர்கள் ஊர் அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019-இல் மாவட்டம் பிரிந்து செங்கல்பட்டில் சேர்ந்தது. தடத்தையும் எச்சத்தையும் பார்த்தே அவர்கள் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்புத் தோல் வியாபாரத்தைச் சட்டம் தடுத்தபோது பிழைப்பு இழந்த இதே சமூகம், ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தது. வடநெம்மேலியில் பாம்பைச் சில வாரங்கள் மட்டும் வைத்து, நஞ்சு எடுத்து, திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்து வரும் மருந்து நாடெங்கும் உயிர் காக்கிறது. பாம்பைப் பேணுவது எப்படி என்று நாம் ஜெர்சிக்குப் போய்த்தான் கற்க வேண்டும் என்பதில்லை; மாமல்லபுரம் சாலையில் போனாலே போதும்.

எனக்கு ஒரு குறை உண்டு. கடத்தல்காரர்களிடமிருந்து மீட்ட மண்ணுளிகளை அருகில் இருக்கும் ஏதாவது ஒரு காட்டில் விட்டுவிடுவது வழக்கமாக இருக்கிறது. எந்த ஊர் மணலில் பிடித்தது, அங்கே எலி உண்டா, மண் இளகியதா, ஏற்கெனவே வாழும் மண்ணுளிகளுக்கு நோய் தொற்றுமா என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அறுபது பாம்பை இடம் மாற்ற மொரீஷியஸில் முன்தயாரிப்புக்கே பல வருடம் ஆயிற்று. நாம் ஒரே மாலையில் ஜீப்பை நிறுத்தி, சாக்கை அவிழ்த்து, புகைப்படம் எடுத்துத் திரும்பிவிடுகிறோம். பிடிபட்ட இடத்தைக் கேட்டு எழுதிக்கொள்வதற்குப் பெரிய செலவு ஆகாது.

போன தை மாதம் ஓர் இருளர் பெரியவரோடு பாலாற்றங்கரையில் விடியற்காலையில் நடந்தேன். வேலிக்காத்தான் புதர் ஓரத்தில் விரல் பருமனுக்கு ஒரு நேர்க்கோட்டுத் தடத்தைக் காட்டி, "இது நம்மாளுதான், ராத்திரி எலிக்குப் போயிருக்கு" என்றார். வளைவில்லாமல், யாரோ கோல் வைத்து இழுத்தது போல இருந்தது. அதைத் தொடர்ந்தே இன்னும் கொஞ்சம் தூரம் போனோம். திடீரென்று கரை முடிந்தது. கீழே ஆளுயரத்துக்கு மேல் குழி. லாரி டயர் தடங்கள். மணல் முழுக்க வழித்தெடுத்து, அடியில் இறுகிய களிமண் வெடித்துக் கிடந்தது. பெரியவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுக்கு அந்தாண்ட தேடி புண்ணியமில்ல தம்பி. நுழையறதுக்கு அதுக்கு மண்ணு ஏது?"

வந்த வழியே திரும்பினோம். அந்தத் தடத்தை மிதிக்காமல் அவர் சற்று விலகியே நடந்தார்.